மஞ்சள் பூசிய கட்டம்

ஆகஸ்ட் 5

டைரி எழுதுகிற ஆள் இல்லை நான். இது வினோதினி மேடம் கொடுத்த நோட்டு. "டெய்லி எத்தனை மீட்டர் துளை போட்டோம், என்ன கல்லு வந்துச்சுன்னு எழுதி வைங்க சார்" என்றார். எழுதுகிறேன். தாள் நிறைய மிச்சமிருப்பதால் என் சொந்த வயிற்றெரிச்சலும் இதிலேயே வரும்.

எருக்கங்குப்பம் தங்கச் சுரங்கத்தை மூடி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. மேலே இருப்பவர்களுக்கு இப்போது திடீரென்று பூமிக்கடியில் இன்னும் எவ்வளவு தங்கம் மிச்சம் என்று தெரிய வேண்டுமாம். ஒரு சர்வே பார்ட்டியை அனுப்பியிருக்கிறார்கள். மேடம்தான் அதில் ஜியாலஜிஸ்ட், நாமக்கல் பக்கம். நான் அ. தாவீது, வயது அறுபத்தொன்று, அந்தக் காலத்தில் சுரங்க சர்வே ஆபீசில் அளவுக்காரன். பழைய வரைபடங்களைப் படிக்கத் தெரிந்து உயிரோடு இருக்கும் ஒரே ஆள் என்பதால் என்னைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். இயந்திரம் துளைத்து எடுக்கும் கல் உருளைகளை வரிசை மாறாமல் பெட்டியில் அடுக்கி, எந்த ஆழத்தில் வந்தது என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இன்று 18 மீட்டர். எல்லாம் கரும்பச்சைக் கல். ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 6

21 மீட்டர். அதே கல். முதுகு வலி.

ஆகஸ்ட் 9

ஒன்பதாம் லைன் ஓரம் போட்ட ஏழாம் துளையில், 62 மீட்டரில், நீலம் பாய்ந்த வெள்ளைக்கல் வந்தது. எங்கள் பேச்சில் 'ரீப்'. தங்கம் ஓடுகிற கல். தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். உருளையின் விளிம்பில் கடுகை விடச் சின்னதாக ஒரு மஞ்சள் புள்ளி! இருபத்தைந்து வருஷம் கழித்து அந்த நிறத்தைப் பார்க்கிறேன். மறுபடி மறுபடி கழுவிப் பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மேடம் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "தங்கம்தான் சார். ஆனா ஒரு புள்ளியை வச்சு எதுவும் சொல்ல முடியாது. பக்கத்துல இன்னொரு துளை போட்டா சுத்தமா ஒண்ணும் இல்லாமப் போகலாம். லேப் ரிசல்ட் வர்ற வரைக்கும் வெளியே பேசாதீங்க."

நான் ஏன் பேசப் போகிறேன்.

ஆகஸ்ட் 10

பேசிவிட்டேன். டீக்கடையில் அந்த ஆரோக்கியம் பயல், "இன்னா தாவீதண்ணே, கல்லு பொறுக்கற வேலையாமே?" என்று இளித்தான். சுர்ரென்று வந்துவிட்டது. "கல்லா? ஒன்பதாம் லைன் பக்கம் போய் நில்லுடா. உன் காலுக்குக் கீழே கஜானா கீது" என்று சொல்லிவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 11

லைன் என்பது சுரங்கம் ஓடின காலத்தில் தொழிலாளிகளுக்காகச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசை. ஒன்பதாம் லைனில் பதினாலு வீடுகள். மூன்றாவது வீட்டில் என் தங்கச்சி எஸ்தர் இருக்கிறாள். என் மனைவி ஓசூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டதால் எனக்குச் சாப்பாடு எஸ்தர் கையில்தான். சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்த அவள் புருஷன் மோசஸ் இறந்து பதினொரு வருஷம். அந்தப் பதினாலு வீட்டுக்கும் பட்டா வேண்டும் என்று தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்கிற பெண்களுக்கு இவள்தான் தலைவி.

இன்று கோயில் முடிந்து வந்ததும் பிடித்துக்கொண்டாள். "ஏண்ணா, எங்க வூட்டுக்குக் கீழ தங்கம் கீதாமே? அப்ப எங்களைக் கெளப்பிடுவாங்களா?"

"எவன் சொன்னான்?"

"நீதான் சொன்னியாம். ஊரே பேசுது."

மீன் குழம்பு. தலைப்பாகத்தை எனக்கு எடுத்து வைத்திருந்தாள். பாதியில் எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19

ஒன்பதாம் துளை. ஒன்பதாம் லைனின் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில். பதினோரு மீட்டரில் துளைக் கம்பி திடீரென்று நாலு மீட்டர் சும்மா இறங்கியது. இயந்திரம் ஓட்டுகிறவர் பயந்துபோய் நிறுத்திவிட்டார். உள்ளே விடுகிற தண்ணீர் சேறாக மேலே வர வேண்டும். ஒரு சொட்டு வரவில்லை. எல்லாத் தண்ணீரையும் பூமி குடித்துவிட்டது.

அடியில் காலி.

மேடம் பழைய வரைபடத்தை விரித்தார். தங்கக்கல்லை வெட்டி எடுத்த பள்ளத்துக்கு எங்கள் ஆபீசில் நிறம் உண்டு. காலியாக விட்டால் நீலம். மணல் போட்டு நிரப்பினால் மஞ்சள். நிரப்பினதை அளவுக்காரன் கீழே இறங்கிக் கண்ணால் பார்த்து அளந்த பிறகுதான் மஞ்சள் பூச வேண்டும். ஒன்பதாம் லைனுக்கு அடியில் இருக்கும் நீளமான கட்டம் மஞ்சளாக இருந்தது. ஓரத்தில் '27.2.99. அ.தா.'

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

"ஆமாம்."

"நிரப்பியிருக்குன்னு போட்டிருக்கே. அப்புறம் எப்படிக் காலியா இருக்கும்?"

மணல் கீழே இறங்கிப் போயிருக்கலாம் என்றேன். மேடம் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 20

அந்த 27.2.99 அன்று எனக்குக் கடும் காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. அதனால் கீழே இறங்காமல் பூசிவிட்டேன். மூடுகிற வாரம், எவனுக்கும் எதிலும் மனசு இல்லை. எல்லா வரைபடத்தையும் மார்ச் ஒன்றாம் தேதிக்குள் முடித்துக் கொடு என்று நெருக்கினார்கள். நடந்தது இதுதான். இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 21

மேடமிடம் சொல்லிவிட்டேன், காய்ச்சல் விஷயத்தை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "மழைக்கு முன்னாடி லைன்ல இருக்கிறவங்க வெளியே வரணும் சார். மேலே பதினோரு மீட்டர்தான், அதுவும் மக்கிப்போன கல்லு. தண்ணி இறங்கினா தாங்காது. எதிர்ல இருக்கிற மைதானம் மட்டும் கெட்டிப் பாறை" என்றார். தன் ரிப்போர்ட்டில் தனியாக ஒரு பத்தி எழுதுகிறாராம்.

ஆகஸ்ட் 23

லைன் பெண்களைக் குழாயடியில் கூட்டி வைத்துச் சொன்னேன். கீழே பொந்து, வரைபடத்தில் நான் காய்ச்சலில் இறங்கிப் பார்க்காமல் பூசினது பொய், தப்பு என்னுடையது, உடனே வெளியேறுங்கள். இந்த வார்த்தைகளைச் சொல்ல ராத்திரி பூராவும் தூங்காமல் மனப்பாடம் செய்திருந்தேன்.

முனிலட்சுமி, எஸ்தரின் பக்கத்து வீட்டுக்காரி, இடுப்பில் குடத்தோடு சிரித்தாள். "ரெண்டு வாரம் முன்ன கஜானா கீதுன்ன. இந்த வாரம் பொந்து கீதுன்ற. நாங்க வூட்டை வுட்டுப் போனா கஜானாவை நீங்க தோண்டிக்குவீங்க. இன்னா மாமா, எங்களைப் பாத்தா கேனச்சி மாதிரி தெரியுதா?"

"ஏம்மா, நானே பூசினேன்னு சொல்றேன்!"

"எம்மாஞ் சம்பளம் குடுத்தாங்க, இப்படிச் சொல்றதுக்கு?"

எஸ்தர் தன் குடத்தை எடுத்துக்கொண்டாள். தலையைக் குனிந்துகொண்டு போனாள். அவளுக்கு அவமானம், நான் கம்பெனி ஆளாகிவிட்டேன் என்று.

ஆகஸ்ட் 26

எஸ்தர் சமையலறைச் சுவரில் விரல் நுழையாத ஒரு விரிசல். சுரங்கத்தில் நாங்கள் செய்வதுபோல விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டி, அதன் மேல் தேதி எழுதினேன். பாறை நகர்ந்தால் முதலில் கண்ணாடி உடையும். தினமும் வந்து பார்ப்பேன் என்றேன்.

"பாரு. வந்தது வந்த, காப்பி குடிச்சிட்டுப் போ" என்றாள். கோபம் தீர்ந்துவிட்டது போல.

ஆகஸ்ட் 27

கண்ணாடி முழுசாக இருக்கிறது.

ஆகஸ்ட் 28

முழுசு.

செப்டம்பர் 2

தாலுகா ஆபீஸ் போனேன். குமாஸ்தாவிடம் மனுவோடு வரைபட நகலையும் காட்டினேன்.

"இதுல நிரப்பியாச்சுன்னுதானே இருக்கு?"

"அது பொய் சார். நான்தான் போட்டேன்."

"அப்போ நீங்க அப்ப பொய் சொன்னீங்களா, இப்ப சொல்றீங்களா? எதை நான் நம்பறது?"

"என் மேல கேஸ் போடுங்க. அப்பவாவது விசாரிப்பீங்க இல்ல?"

சிரித்துவிட்டு மனுவில் முத்திரை குத்திக் கொடுத்தார். பரிசீலனையில் இருக்கிறதாம். திரும்பி வரும் வழியில் பஸ்சில் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடி முழுசு.

செப்டம்பர் 9

லேப் ரிசல்ட் வந்தது. ஏழாம் துளையில், 62 மீட்டர் கல்லில், டன்னுக்கு அரை கிராம் கூட இல்லை. நான் பார்த்த அந்த ஒரு புள்ளியோடு சரி. மேடம் சொன்னது சொன்னபடி. கஜானாவும் இல்லை, மண்ணும் இல்லை. இந்த லைனுக்கு அடியில் இருந்த தங்கத்தை எல்லாம் நாங்களே எடுத்து முடித்துவிட்டோம். மிச்சம் வைத்தது பொந்து மட்டும்தான்.

ஓடிப்போய்க் குழாயடியில் சொன்னேன். "தங்கமே இல்ல, தாளைப் பாருங்க, இனிமேலாவது நம்புங்க."

"அய்ய, பாத்தியா? இப்ப மறைக்கறாங்க" என்றாள் முனிலட்சுமி.

செப்டம்பர் 14

மேடத்தின் பத்தியைப் பெங்களூர் ஹெட் ஆபீசில் எடுத்துவிட்டார்கள். கேட்ட கேள்வி தங்கம் இருக்கிறதா என்பதுதான், வீடுகளைப் பற்றி யாரும் கேட்கவில்லையாம். மேடம் அதைத் தன் பெயரில் தனிக் கடிதமாக மாவட்ட ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறார். சொல்லும்போது முகம் சிவந்திருந்தது. "என்னால இவ்வளவுதான் சார் முடிஞ்சுது."

திங்கட்கிழமை பார்ட்டி கூடாரத்தைப் பிரிக்கிறது. என் வேலையும் முடிந்தது. நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "நீங்களே வச்சுக்கோங்க" என்றார்.

செப்டம்பர் 20

முதல் மழை. கால் மணி நேரம். கண்ணாடி முழுசு. எஸ்தர் காப்பியில் சர்க்கரை அதிகம் போடுகிறாள், சொன்னால் கேட்பதில்லை.

செப்டம்பர் 22

வெளியே வரும்போது முனிலட்சுமி யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. "கீழ காலின்னா இவரு தெனம் வந்து உக்காந்து காப்பி குடிப்பாரா? உசுரு மேல ஆசை இல்லாத ஆளா? ஒண்ணும் ஆவாதுன்னு தெரிஞ்சுதான் வர்றாரு."

எனக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. நான் கண்ணாடி பார்க்கப் போவதே அவர்களுக்குத் தைரியமாக இருந்திருக்கிறது. நாளையிலிருந்து போகமாட்டேன்.

செப்டம்பர் 25

போகவில்லை. எஸ்தர் யாரிடமோ சாப்பாடு கொடுத்தனுப்பினாள். மழை.

செப்டம்பர் 27

மழை. போகவில்லை. கண்ணாடி என்ன ஆனதோ. இது என்ன முட்டாள்தனம், கூடப்பிறந்தவளை அங்கே விட்டுவிட்டு நான் இங்கே உட்கார்ந்து பாடம் நடத்துகிறேனா?

செப்டம்பர் 28

போனேன். எஸ்தர் இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. நேரே சுவருக்குப் போனேன். கண்ணாடி முழுசாக இருந்தது. ஆனால் அதில் தேதி இல்லை. நான் ஒட்டினது கொஞ்சம் பச்சை ஓடிய ஜன்னல் கண்ணாடி. இது முகம் பார்க்கிற கண்ணாடியின் துண்டு.

"எப்ப உடைஞ்சுது?"

"எது?"

"எஸ்தர்!"

"நீ வராமப் போன அன்னிக்கே. நீ பாத்தா கத்துவ. லைன்ல எல்லாரும் பயந்துடுவாங்க. அடுத்த மாசம் பட்டாவுக்கு அளக்க வர்றாங்க அண்ணா. வூட்டுல ஆள் இல்லன்னா எழுத மாட்டாங்க. பத்து வருசம் நடந்திருக்கேன்."

விரிசலில் இப்போது விரல் நுழைகிறது. நுழைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் குளிர்ந்த காற்று வந்தது.

"நான் சொல்றதை நம்பவே மாட்டியா?"

"எப்படி நம்பறது? நீ பூசினது பொய்யாவே இருக்கட்டும். மணல் ரொப்பற கேங்குக்கு மேஸ்திரி யாரு? அவரு. எங்க வூட்டுக்காரரு ரொப்பாம வுட்டிருப்பாரா? உனக்குக் காய்ச்சல், சரி. அவருக்குமா காய்ச்சல்?"

இதற்குத்தான் நான் பயந்தேன். இந்த நோட்டில் கூட நான் எழுதவில்லை.

எனக்குக் காய்ச்சல் இல்லை. அன்று லைன்களுக்கு இடையே ஹாக்கி பைனல், சுரங்கத்தின் கடைசி பைனல். முதல் நாள் சாயங்காலம் மோசஸ் மச்சான் என் மேஜைக்கு வந்தான். "மணல் பைப்பைக் கழட்டி எடுத்துனு போயிட்டாங்க மச்சான். இனிமே எத்த ரொப்பறது? ரொப்பினதா நான் எழுதிடறேன், நீ மஞ்சள் பூசிடு. எவன் கீழ போய்ப் பாக்கப் போறான்? மேட்ச்சுக்கு வா." மறுநாள் காலையில் பூசினேன். மஞ்சள் பென்சிலைக் கூட ஆபீசில் வைக்கவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு ஓடினேன். மச்சான் ரெண்டு கோல் போட்டான். நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

எஸ்தரிடம் இதைச் சொன்னேன். செத்தவன் மேல் பழி போடுகிறேன் என்று அவள் என் முகத்தில் துப்பியிருந்தாலும் துடைத்துக்கொண்டிருப்பேன். அவள் கையைக் கழுவிவிட்டு அலமாரிக்குப் போனாள். மோசஸின் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பைனலில் ஜெயித்த கோப்பை. வாரம் தவறாமல் சாம்பல் போட்டுத் துலக்குவாள். அதன் அடியில் வெட்டியிருந்த எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னிடமிருந்த வரைபட நகலை வாங்கிப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே தேதி.

27.2.99.

"ரெண்டு பேரும் அங்கதான் இருந்தீங்க" என்றாள். "நானும்தான் இருந்தேன். அவரு கோல் போட்டப்ப விசில் அடிச்சேனே."

அதற்குப் பிறகு கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் கீழேயே உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 29

எஸ்தரே குழாயடியில் நின்று சொன்னாள். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, புருஷன் பெயரைச் சொல்லி, தேதியைக் காட்டிச் சொன்னாள். குரல் உடையவே இல்லை. எனக்குத்தான் உடைந்தது.

பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முனிலட்சுமி மெதுவாகக் கேட்டாள். "அண்ணனும் தங்கச்சியும் எப்ப பேசி முடிச்சீங்க? உனக்கு எங்க வூடு குடுக்கறாங்களாம்?"

பத்து வருஷம் இவர்களுக்காக நடந்தவள். கோப்பையை முந்தானையில் சுற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

"நீ ஓசூருக்கு வந்துடு, அண்ணி பாத்துக்குவா" என்றேன்.

"எங்கண்ணா போறது? நம்ம வூட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரு பண்ண வேலை. அதும்மேல இவங்க தூங்கினு கீறாங்க. நாம மட்டும் ஓசூருக்கா?"

அக்டோபர் 1

எஸ்தரின் பாத்திரம், அடுப்பு, பாய் எல்லாவற்றையும் எதிரே மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். கோல் கம்பம் இருந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். முக்காலி மேல் கோப்பை. இனி எங்கள் இரண்டு பேரில் யாரும் அந்த வீட்டுக்குள் கால் வைப்பதில்லை, எல்லோரும் அதைப் பார்க்கட்டும் என்று முடிவு.

சின்னப் பயல்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஆரோக்கியம் வந்து, "இன்னாண்ணே, பிக்னிக்கா?" என்றான். எனக்குக் கோபம் கூட வரவில்லை. உட்காரச் சொல்லி, நடந்ததை முதலிலிருந்து அவனுக்கும் சொன்னேன்.

இன்னும் பதிமூன்று வீடு.

அக்டோபர் 3

நல்ல மழை. தார்ப்பாய் ஒழுகுகிறது. எஸ்தருக்கு இருமல். மாவட்ட ஆபீசிலிருந்து பதில் இல்லை. மேடம் போனில் கேட்டார், தானும் தினம் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பட்டாவுக்கு அளக்க வருகிறவர்கள் தேதி குறித்துவிட்டார்களாம். அதனால் லைனில் எல்லோருக்கும் சந்தோஷம்.

பதிமூன்று.

அக்டோபர் 4

முனிலட்சுமி வந்தாள். பேத்தியைக் கொண்டுவந்து எஸ்தரின் பாயில் கிடத்திவிட்டு, திரும்பிப் போய் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டுத் தரையில் காலையில் ஊற்றின தண்ணீர் வழிந்தோடவில்லையாம், அப்படியே உள்ளே போய்விட்டதாம். எஸ்தர் நகர்ந்து இடம் விட்டாள்.

பன்னிரண்டு.

அக்டோபர் 5

விடிந்ததும் எஸ்தர் வீட்டு ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். முகம் பார்க்கிற கண்ணாடி இரண்டாகப் போயிருக்கிறது. வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். ஐந்தாம் வீட்டுக்காரர் மட்டும் குடும்பத்தோடு வந்தார். மற்றவர்கள், அளக்க வருகிறார்கள், இன்று ஒரு நாள் போகட்டும் என்கிறார்கள். எஸ்தர் அந்த வரிசையில் கடைசிக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள், அவள் குரல் இங்கே வரை கேட்கிறது. மழை நிற்கவில்லை. இதை எழுதி வைத்துவிட்டு நானும் மறுபடி முதல் கதவிலிருந்து தட்டப் போகிறேன்.

இன்னும் பதினொரு வீடு.